2010 சோஃபியா கடைசி கேம்: ஆனந்த் எடுத்த லாஸ்கர் டிஃபென்ஸ் பத்தி பேசலாம் வாங்க

குதிரைவீரன் எழுதியது:

2010 மே 11, சோஃபியா, உலக சாம்பியன்ஷிப் மேட்ச்சோட 12வது கேம். ஸ்கோர் 5.5 - 5.5. பல்கேரியாவோட டோபலோவ் வெள்ளை, ஆனந்த் கருப்பு. டிரா ஆச்சுன்னா ரேபிட் (வேக ஆட்டம்) டை பிரேக், தோத்தா பட்டம் போச்சு. அப்படி ஒரு நாள்ல கருப்புக் காய வச்சுக்கிட்டு நம்ம ஆளு எடுத்தது லாஸ்கர் டிஃபென்ஸ், நூறு வருஷத்துக்கு மேல பழசு.

ஆனந்தோட பெஸ்ட் கேம் எதுன்னு கேட்டா எல்லாரும் 2013 விக் ஆன் ஸீல அரோனியன வெட்டின கேமைத்தான் சொல்றாங்க, இல்லன்னா 2008 பான்ல கிராம்னிக்கோட ஆடின மெரான் ஓப்பனிங் கேம்கள சொல்றாங்க. ரெண்டுமே அருமைதான், மறுக்கல. ஆனா எனக்கு கேட்டா சோஃபியா 12தான் மேல. ஏன்னா மத்ததுல பாத்தீங்கன்னா ஓப்பனிங்கே தீ மாதிரி இருக்கும், இதுல ஓப்பனிங் அவ்வளவு அமைதியா இருந்துச்சு, அந்த அமைதிக்குள்ள இருந்தே ஜெயிச்சார்.

மூவ் தெரியாதவங்களுக்கு ஆரம்பம் இதான்: டி4 டி5, சி4 ஈ6, குதிரை எஃப்3 குதிரை எஃப்6, குதிரை சி3 பிஷப் ஈ7, பிஷப் ஜி5 எச்6, பிஷப் எச்4 கேஸ்லிங், ஈ3, அப்புறம் ஏழாவது மூவ்ல குதிரை ஈ4. அந்த குதிரை ஈ4தான் லாஸ்கர் டிஃபென்ஸ்.

இத பத்தி உங்க கருத்து என்னன்னு சொல்லுங்க.

டிராகிங் எழுதியது:

நல்ல கேம்தான் ப்ரோ, ஆனா "ஆனந்த் ஜெயிச்சார்"ங்கிறத விட "டோபலோவ் தோத்தார்"னு சொல்றதுதான் சரியா இருக்கும்னு நினைக்கிறேன். 31, 32 ரெண்டு மூவ்லயும் எடுக்கக்கூடாத சிப்பாய எடுத்தார், கதை முடிஞ்சுது. அதுவரைக்கும் பொசிஷன் சமமாத்தானே இருந்துச்சு? வெள்ளைக்கு எந்த ஆபத்தும் இல்ல, கருப்புக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. லாஸ்கர் டிஃபென்ஸ்னாலே டிராவுக்கு ஆடுறதுதான். ஆனந்தும் டிரா பண்ணிட்டு ரேபிட்ல பாத்துக்கலாம்னுதான் உக்காந்திருப்பார், எதிராளி தானா விழுந்துட்டார். இதுல ஓப்பனிங்க தூக்கி வைக்க என்ன இருக்கு?

குதிரைவீரன் எழுதியது:

"தானா விழுந்துட்டார்"ங்கிறத ஒத்துக்கவே முடியாது ப்ரோ. டோபலோவ் அப்போ 2805 ரேட்டிங், சொந்த நாடு, சொந்த ஜனம். அந்த லெவல்ல யாரும் சும்மா விழமாட்டாங்க, விழ வைக்கணும். எப்படி விழ வச்சார்ங்கிறதுதான் கேள்வியே.

பழையகோச் எழுதியது:

தம்பிங்களா, இதுல ரெண்டு விஷயத்த பிரிச்சு பாக்கணும், நான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல டிஃபென்ஸ். குயின்ஸ் கேம்பிட் டிக்ளைண்ட்ல (சி4 சிப்பாய எடுக்காம ஈ6 போடுற ஓப்பனிங், லாஸ்கர் அதுல ஒரு வகை) கருப்போட தலைவலி எப்பவும் ஒண்ணுதான், சி8 பிஷப். ஈ6ல சிப்பாய வச்சதும் அந்த பிஷப் உள்ளயே அடைபட்டுப் போகுது. இடம் கம்மி, காய் நிறைய. அதுக்கு எமானுவேல் லாஸ்கர் கண்டுபிடிச்ச வழி, குதிரைய ஈ4ல போட்டு காய்கள மாத்திக்கிறது. பிஷப்புக்கு பிஷப் போகுது, குதிரைக்கு குதிரை போகுது. நெரிசலான பஸ்ல நாலு பேரு இறங்கினா மீதி இருக்கிறவன் மூச்சு விடுவான்ல, அதேதான். லாஸ்கர் 1907ல மார்ஷலோட ஆடின உலக சாம்பியன்ஷிப் மேட்ச்லயே இந்த ஐடியாவ ஆடியிருக்கார். 27 வருஷம் பட்டத்த கையில வச்சிருந்த மனுஷன், சும்மா பேரு வைக்கல.

இதுல கருப்பு சாகறது கஷ்டம். ஆனா ஜெயிக்கிறதும் கஷ்டம்னு எல்லாரும் நம்பிட்டாங்க. 1989ல லண்டன் கேண்டிடேட்ஸ்ல (உலக சாம்பியனோட மோதப் போறவர தேர்ந்தெடுக்கிற போட்டி) கார்போவ் இதே டிஃபென்ஸுக்கு எதிரா யூசுபோவ ஜெயிச்சிருக்கார், அதனால வெள்ளை லேசா பிடிச்சு அழுத்திக்கிட்டே இருக்கலாம்ங்கிற நம்பிக்கையும் இருந்துச்சு.

ரெண்டாவது, அந்த மேட்ச்ல அந்த நாள். இத விட்டுட்டு கேம மட்டும் தனியா பாத்தா டிராகிங் தம்பி சொல்றதுதான் சரின்னு தோணும். டோபலோவ் 2006ல எலிஸ்டால கிராம்னிக்கிட்ட ரேபிட் டை பிரேக்ல தோத்துதான் பட்டத்த விட்டார். இங்க எதிர்ல உக்காந்திருக்கிறது ஆனந்த். சின்ன வயசுலேர்ந்தே மின்னல் மாதிரி ஆடுற ஆளு, 2003ல ரேபிட் உலக சாம்பியன். டிரா ஆனா யாருக்கு சாதகம்னு சோஃபியால டிக்கெட் கிழிக்கிறவருக்கே தெரிஞ்சிருக்கும். அதனால டிராங்கிறது ஆனந்துக்கு ஓகே, டோபலோவுக்கு பாதி தோல்வி. அந்த நிலைமையில உடைக்கவே முடியாத ஒரு பொசிஷன எதிராளி கையில கொடுத்து "இத உடைச்சு காட்டு"ன்னு சொல்றது எவ்வளவு பெரிய அழுத்தம்னு யோசிச்சு பாருங்க. லாஸ்கர் டிஃபென்ஸ் அன்னிக்கு டிரா கேட்கிற ஓப்பனிங் இல்ல, எதிராளிய பொறுமை இழக்க வைக்கிற ஓப்பனிங்.

டிராகிங் எழுதியது:

கோச் சார், அழுத்தம் புரியுது. ஆனா அது மனசு சம்பந்தப்பட்ட விஷயம், செஸ் சம்பந்தப்பட்டது இல்லையே. போர்டுல எங்க அழுத்தம் இருந்துச்சுன்னு காட்டுங்க, ஒத்துக்கிறேன்.

கோவைராணி எழுதியது:

நானும் சேந்துக்கறேங்க. போர்டுல இருந்துச்சுங்க, 24, 25, 26 மூவ பாருங்க.

கருப்பு பிஷப் டி3ல வந்து ராணிய மிரட்டுது, ராணி சி1 போகுது, பிஷப் திரும்ப ஏ6. அந்த இடத்துல டோபலோவ் ராணிய மறுபடி சி2ல வச்சிருந்தா பிஷப் மறுபடி டி3 வரும், அப்படியே ரிப்பீட் ஆகி டிராவுல முடிஞ்சிருக்கலாம். அவரு அத விட்டுட்டு யானைய ஏ3ல போட்டாருங்க. பிஷப்ப தொரத்துறாரு, பின்னாடி ஏ7 சிப்பாயையும் குறி வெக்கறாரு. பிஷப் பி7 போகுது. அடுத்து குதிரை பி3, அடுத்து குதிரை ஏ5, பிஷப் ஏ8ல போய் மூலையில உக்காருது. பாக்கறதுக்கு என்ன தோணும், கருப்பு பிஷப்ப மூலையில தள்ளி ஒடுக்கிட்டாங்கன்னுதானே தோணும்?

ஆனா வெள்ளையோட யானை, குதிரை எல்லாம் எங்க இருக்குன்னு பாருங்க. எல்லாமே இடது பக்கம் போயாச்சு. ராஜா ஜி2ல, பக்கத்துல எஃப்2ல ஒரே ஒரு யானை. அந்த ஏ8 பிஷப் எந்த கோட்டுல இருக்கு? நேரா ஜி2 ராஜாவ பாத்துக்கிட்டு இருக்குது. நடுவுல இருக்கறது எஃப்3 சிப்பாய் மட்டும்தானுங்க.

இதத்தான் நான் அழுத்தம்ங்கறேன். வெள்ளை ஜெயிக்கணும்னு காய்கள அந்தப் பக்கம் கொண்டு போனதாலதான் இந்தப் பக்கம் காலியாச்சு.

குதிரைவீரன் எழுதியது:

அட்டகாசம் அக்கா! இத விட தெளிவா யாரும் சொல்ல முடியாது.

இதுல இன்னொண்ணு கவனிங்க, கோச் சொன்ன அந்த சி8 பிஷப், க்யூஜிடியோட (அதான் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைண்ட்) "கெட்ட பிள்ளை"ன்னு புக்கு புக்கா எழுதின பிஷப், அதேதான் இது. சி8லேர்ந்து பி7, ஏ6, டி3, ஏ6, பி7, ஏ8. ஆறு தடவை நடந்து மூலைக்கு போய் கேம முடிச்சது அதுதான். இத நினைச்சாலே எனக்கு சிலிர்க்குது.

இன்ஜின்பையன் எழுதியது:

ப்ரோ நான் காலேஜ்ல ஆடுறேன், இந்த கேம் நடந்தப்போ நான் சின்னப் பையன். ஒரு டவுட். 19வது மூவ் முடிஞ்சப்போ கருப்புக்கு சி5ல தனி சிப்பாய், ஏ7லயும் தனி சிப்பாய். ஸ்ட்ரக்சர் வெள்ளைக்குத்தானே நல்லாருக்கு? அப்புறம் எப்படி கருப்பு ஓகேன்னு சொல்றீங்க?

பழையகோச் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. சிப்பாய் ரெண்டும் தனிதான். ஆனா அதுக்கு பதிலா கருப்புக்கு கிடைச்சத கணக்கு போடு. வெள்ளைக்கு குதிரை, கருப்புக்கு பிஷப், போர்டு திறந்திருக்கு. பி ஃபைல் (நெடுக்கு வரிசை) பாதி திறந்திருக்கு, அதுல யானை ஏற்கனவே பி8ல நிக்குது. டி ஃபைலும் திறந்திருக்கு, கருப்புதான் முதல்ல அதுல யானைய கொண்டு வந்து ரெண்டு யானையையும் டி7, டி8ன்னு அடுக்கினது. சி5 சிப்பாய் பலவீனம்தான், ஆனா அது டி4 கட்டத்த பிடிச்சு வச்சிருக்கு, வெள்ளை குதிரை அங்க வந்து உக்கார முடியாது. நடுவுல வெள்ளைக்கு நல்ல கட்டம் இல்லாததாலதான் அந்த குதிரை டி2, பி3, ஏ5, சி4ன்னு ஓரமாவே சுத்துச்சு.

வகுப்புல பசங்களுக்கு நான் சொல்றது, தனி சிப்பாய பாத்த உடனே "வீக்"னு எழுதி வச்சுட்டு போகாதீங்க, அதை யாரு, எத்தனை காய் வச்சு அடிக்கிறாங்க, அந்த காய்கள் அங்க போனதுல வேற எங்க ஓட்டை விழுந்துச்சுன்னு பாருங்க. இந்த கேமே அதுக்கு பாடம். வெள்ளை சி5ஐயும் ஏ7ஐயும் அடிக்க போச்சு, ராஜாவ விட்டுட்டு போச்சு.

நெல்லைசிப்பாய் எழுதியது:

இந்த 21வது மூவ் எஃப்3 பத்தி யாரும் பேசலையே அண்ணாச்சி. எனக்கு அந்த மூவே பிடிக்கல. பி7 பிஷப்போட கோட்ட அடைக்கதுக்குத்தான் போட்டாரு, சரி. ஆனா அதுக்கப்புறம் ஜி3யும் போட்டு, ராஜாவ ஜி2ல வச்சாரு பாத்தீங்களா, அதுல ராஜா முன்னால இருந்த சுவர் ஒரு சிப்பாய நம்பி நிக்க ஆரம்பிச்சிட்டு. எஃப்3 அசைஞ்சா எல்லாம் போச்சு. ஆனந்த் 29ல ஈ5 போடும்போதே எஃப்5 ஈ4ன்னு கொண்டு வந்து அந்த எஃப்3ய உடைக்கதுன்னு முடிவு பண்ணிட்டாருன்னுதான் நான் சொல்லுதேன்.

இன்ஜின்பையன் எழுதியது:

அப்போ 30ல டோபலோவ் ஈ4 போட்டது அத தடுக்கத்தானே?

நெல்லைசிப்பாய் எழுதியது:

ஆமா, ஈ4ல சிப்பாய நட்டு கோட்ட நிரந்தரமா அடைக்கப் பாத்தாரு. உடனே எஃப்5. இப்ப அந்த ஈ4 சிப்பாய அடிக்க ஆளு வந்தாச்சு. இங்கதான் 31ல அவரு எஃப்5ல எடுத்தது. எடுத்ததும் ஈ5 சிப்பாய் ஒரு கட்டம் முன்னால, ஈ4. சிப்பாய சும்மா குடுக்காரு. கோட்டு வாசல்ல அவரே நிக்காரு, எடுத்தா வாசல் திறக்கும்.

டிராகிங் எழுதியது:

சரி, கோவைராணி அக்கா சொன்னதும் நெல்லை அண்ணன் சொன்னதும் படிச்சேன், காய் எல்லாம் இடது பக்கம் போனதும் எஃப்3 மேல பாரம் விழுந்ததும் உண்மைதான். அத ஏத்துக்கிறேன். ஆனாலும் 32ல சிப்பாய எடுக்காம ஏ3 யானைய நேரா ஈ3க்கு கொண்டு வந்திருந்தா? மூணாவது வரிசை காலியாத்தான் இருந்துச்சு. தூரத்துல கிடந்த யானையும் திரும்பி வந்த மாதிரி ஆச்சு, எஃப்3ல செக் வந்தாலும் ராஜா பின்னாடி போயிருக்கலாம். கருப்புக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா உடனே சாவு இல்ல. டோபலோவ் மாதிரி ஒருத்தர் இத பாக்காம விட்டது அவரோட தப்புதானேங்க?

கோவைராணி எழுதியது:

தப்புதாங்க, யாரும் இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த யானைய ஈ3க்கு கொண்டு வர்றதுன்னா 26வது மூவ்லேர்ந்து பண்ணின திட்டம் எல்லாம் வீண்னு ஒத்துக்கிட்டு திரும்பி வர்ற மாதிரி. ஜெயிச்சே ஆகணும்னு உக்காந்தவருக்கு அது மனசு வராதுங்க. கோச் சார் சொன்ன அழுத்தமும் போர்டுல இருந்த அழுத்தமும் அந்த 32வது மூவ்ல ஒண்ணா சேருது.

குதிரைவீரன் எழுதியது:

இப்ப 32க்கு அப்புறம் நடந்தத போடுறேன், என்னோட ஃபேவரைட் பகுதி இதான், போர்டு எடுத்து வச்சுட்டு படிங்க.

32ல எஃப் சிப்பாய் ஈ4ஐ எடுக்குது. கருப்பு ராணி ஈ4ல எடுத்து செக். இப்போ ராணியும் பின்னாடி ஏ8 பிஷப்பும் ஒரே கோட்டுல. ராஜா ஜி1 போனா ராணி எச்1ல வந்து மேட், பிஷப் சப்போர்ட். அதனால ராஜா எச்3 ஏறுது. உலக சாம்பியன்ஷிப்போட கடைசி கேம்ல வெள்ளை ராஜா மூணாவது வரிசையில வந்து நிக்குது பாருங்க!

33ல கருப்பு யானை டி4. குதிரைய மிரட்டுது, நாலாவது வரிசையையும் பிடிக்குது. 34ல குதிரை ஈ3. இங்க சாதாரணமா ஆடுற ஆளு என்ன பண்ணுவான், செக் செக்குனு போட்டு தேடுவான். ஆனந்த் ராணிய பின்னாடி இழுத்தார், ஈ8. முதல் தடவை பாக்கும்போது ஏன்னு புரியாது. அடுத்து ராணி எச்5 வந்தா மேட். ஜி2 கட்டத்த பிஷப் பிடிச்சிருக்கு, ஜி4ஐ ராணி பிடிச்சிருக்கு, ராஜாவுக்கு போக இடமே இல்ல. தாக்குற ராணிய பின்னாடி கொண்டு போய் மேட் மிரட்டல் வைக்கிற மூவ், அந்த நாள்ல, அந்த மேடையில. எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கல.

35ல ஜி4 போட்டு எச்5ஐ தடுக்குறார். கருப்பு எச்5. 36ல ராஜா எச்4 ஏறுது. கருப்பு ஜி5 செக்! எஃப்5 சிப்பாய் என் பசான்ட்ல (ரெண்டு கட்டம் தாண்டின சிப்பாய ஒரு கட்டம் போன மாதிரி எடுக்கிறது) எடுக்குது, ராணி ஜி6ல எடுக்குது. 38ல வெள்ளை ராணி எஃப்1, கருப்பு யானை ஜி4ல எடுத்து செக். குதிரையால அந்த யானைய எடுத்தா ராணி ஜி4ல எடுத்து மேட். ராஜா திரும்ப எச்3.

செஸ்பிள்ளைஅம்மா எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எனக்கு ஆட்டம் அவ்வளவா தெரியாது, என் பொண்ணு அண்டர் 13 டோர்னமென்ட் ஆடுறா, அவகூட உக்காந்து இந்த இழைய படிச்சுக்கிட்டே காய நகர்த்தி பாத்தோம். அவ கேட்கிறா, 41ல வெள்ளை குதிரை எஃப்5ல செக் வச்சுச்சே, ராஜா எச்7 போச்சு, அப்போ ஈ7ல இருக்கிற கருப்பு யானை சும்மா கிடக்குதே, குதிரையால அத எடுக்கலாமே, ஜி6 ராணியையும் சேத்து மிரட்டுமே, ஏன் எடுக்கலைன்னு. யாராச்சும் சொல்லுங்களேன்.

பழையகோச் எழுதியது:

அம்மா, உங்க பொண்ணு சரியான இடத்துல கை வச்சிருக்கு. அந்த யானைய எடுத்தா கருப்பு இன்னொரு யானைய எச்4ல வச்சு செக் கொடுக்கும். ராஜாவுக்கு வேற கட்டமே கிடையாது, ஜி ஃபைல ராணி பிடிச்சிருக்கு, ஜி2வ பிஷப் பிடிச்சிருக்கு, அதனால யானைய எடுத்தே ஆகணும். எடுத்ததும் ராணி ஜி4ல வந்து மேட். எச்5 சிப்பாய் ராணிக்கு சப்போர்ட்.

பாப்பாகிட்ட சொல்லுங்க, அந்த எச்5 சிப்பாய், ஏ8 பிஷப், ஜி ஃபைல்ல ராணி, இந்த மூணும் சேந்து ராஜாவ சுத்தி கட்டின வேலிதான் இந்த கேமே. போர்டுல அந்த பொசிஷன வச்சு அவளையே யானை எச்4 கண்டுபிடிக்க விட்டிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும், ஆனா கேட்டதுக்கு பதில் சொல்லியாகணுமே.

செஸ்பிள்ளைஅம்மா எழுதியது:

ரொம்ப நன்றி சார். படிச்சு காட்டினதும் "ஐயோ ரெண்டு யானையையும் கொடுத்து மேட்டா"ன்னு குதிச்சுட்டா.

இன்னொண்ணும் கேட்கணும். அவ கோச்சிங் சென்டர்ல டி4க்கு எதிரா கிங்ஸ் இந்தியன்தான் சொல்லி கொடுக்கிறாங்க. லாஸ்கர் டிஃபென்ஸ் மாதிரி பழைய ஓப்பனிங் இந்த வயசுல கத்துக்கிட்டா சரிப்படுமா, இல்ல போர் அடிச்சு விட்டுடுவாளா?

இன்ஜின்பையன் எழுதியது:

அக்கா என்னோட அனுபவத்துல கிங்ஸ் இந்தியன்ல நிறைய மனப்பாடம் பண்ணணும், இதுல ஐடியா புரிஞ்சா போதும். ஒன்பதாவது மூவ்ல வெள்ளைக்கு யானை சி1, ராணி சி2, இல்ல டி5ல சிப்பாய் மாத்துறது, இப்படி சில வழிதான் முக்கியமானது. கருப்பு என்ன செய்யணும்னு எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

பழையகோச் எழுதியது:

அவங்க கோச் சொல்றத முழுசா மாத்தாதீங்க, அது குழப்பம். ஆனா கூடவே இதையும் கத்துக்கட்டும்னுதான் நான் சொல்வேன். க்யூஜிடி ஆடாம பெரிய ஆட்டக்காரங்க யாரும் வளரல. 1927ல புவெனஸ் அயர்ஸ்ல கபாபிளாங்காவும் அலெகினும் ஆடின 34 கேம்ல 32 கேம் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைண்ட். கார்போவ், காஸ்பரோவ் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ரெண்டு பக்கமும் ஆடினாங்க. சிப்பாய எப்போ உடைக்கணும், காய எப்போ மாத்தணும், கெட்ட பிஷப்ப எப்படி நல்ல பிஷப்பா ஆக்கணும், இத இந்த ஓப்பனிங் சொல்லி கொடுக்கிற மாதிரி வேற எதுவும் சொல்லி கொடுக்காது.

ஒரு விஷயம் கவனிக்கணும். லாஸ்கர்ல சி4ல பிஷப் எடுத்து, கருப்பு குதிரை டி7 வந்து, வெள்ளை கேஸ்லிங் பண்ணினதும் ரெண்டு வழி இருக்கு. ஈ5 போட்டு உடனே நடுவ திறக்கிறது பழைய வழி. பி6 போட்டு பிஷப்ப பி7க்கு கொண்டு போய் சி5ல உடைக்கிறது இன்னொண்ணு. ஆனந்த் எடுத்தது ரெண்டாவது. முதல்ல பாப்பா ஈ5 வழிய கத்துக்கட்டும், பிஷப் தானா வெளிய வரும். பி6 வழியில சி5 சிப்பாய் தனியாகும், அத வச்சு ஆட கொஞ்சம் வயசும் அனுபவமும் வேணும்.

டிராகிங் எழுதியது:

கோச் சார் ஒரு கேள்வி. அந்த மேட்ச்ல ஆனந்த் இதுக்கு முன்னாடி கருப்புல ஸ்லாவ், க்ரூன்ஃபெல்ட் ஓப்பனிங்தானே ஆடினார்? கடைசி நாள் புதுசா ஏன் மாத்தினார்?

குதிரைவீரன் எழுதியது:

நான் சொல்றேன். முதல் கேம்ல க்ரூன்ஃபெல்ட், தோல்வி. 3, 5, 8 ஸ்லாவ், அதுல 8வது கேம் எண்ட்கேம்ல தோல்வி, அந்த தோல்வியிலதான் டோபலோவ் ஸ்கோர சமன் பண்ணினார். 10வது மறுபடி க்ரூன்ஃபெல்ட், டிரா. அதாவது டோபலோவ் டீம் 12வது கேமுக்கு ஸ்லாவ், க்ரூன்ஃபெல்ட் ரெண்டுக்கும் குண்டு மருந்து நிரப்பி வச்சிருந்திருக்கும். அவங்க டீம் கம்ப்யூட்டர் வேலைக்கு பேர் போன டீம். அந்த வேலையெல்லாம் ஒரே மூவ்ல செல்லாம போச்சு.

ஆனந்தோட டீமையும் சொல்லணும், நீல்சன், காசிம்ஜானோவ், வோஜ்டாசெக், நம்ம சூர்ய சேகர் கங்குலி. இவங்க ராத்திரி பகல் பாக்காம உழைச்சிருக்காங்க. காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் மூணு பேரும் உதவினாங்கன்னு மேட்ச் முடிஞ்சப்புறம் வெளிய வந்துச்சு.

அதுக்கு மேல இந்த மேட்ச்சே எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு மறந்துடாதீங்க. ஐஸ்லாந்து எரிமலை சாம்பல்ல ஐரோப்பா பூரா விமானம் நின்னுபோச்சு, ஆனந்த் ஃப்ராங்ஃபர்ட்ல மாட்டிக்கிட்டார். மூணு நாள் தள்ளிப்போட கேட்டாங்க, ஒரு நாள்தான் கொடுத்தாங்க. 40 மணி நேரம் ரோட்டுலயே வந்து சேந்தார். வந்து உக்காந்த முதல் கேமே தோல்வி. அங்கேர்ந்து எழுந்து வந்து கடைசி கேம்ல கருப்புல ஜெயிக்கிறதுன்னா சும்மாவா? எனக்கு இத எழுதும்போதே நெஞ்சு நிறையுது.

கோவைராணி எழுதியது:

அந்த மேட்ச்ல டிராவ பேசி முடிக்கவே மாட்டேன்னு டோபலோவ் முன்னாடியே சொல்லிட்டாருங்க. 12வது கேமுக்கு அது எப்படி பொருந்துதுன்னு பாருங்க. பேசி டிரா கிடையாது, ரிப்பீட் பண்ண மனசு வரலை, டை பிரேக் போகவும் பயம். மூணு கதவையும் அவரே சாத்திக்கிட்டாரு, மிச்சம் இருந்த ஒரே வழி முன்னாடி போறது. ஆனந்த் சரியா அந்த வழியிலதான் காத்துக்கிட்டு இருந்தாருங்க.

டிராகிங் எழுதியது:

இத படிச்சப்புறம் நான் சொன்னத கொஞ்சம் மாத்தி சொல்றேன். 32வது மூவ் டோபலோவோட தப்பு, அதுல நான் மாறல. ஆனா அந்த தப்பு நடக்கிற மாதிரி ஒரு பொசிஷன் அமைஞ்சதுக்கு லாஸ்கர் டிஃபென்ஸும் காரணம், அத ஒத்துக்கிறேன். பெர்லின் டிஃபென்ஸ் மாதிரி ராணிய மாத்தி எண்ட்கேம் போயிருந்தா இந்த வாய்ப்பு வந்திருக்காது. 2000ல லண்டன்ல கிராம்னிக் பெர்லின் வச்சு காஸ்பரோவ தடுத்தார், ஆனா பெர்லின் ஆடின கேம் எல்லாமே டிரா, ஜெயிச்சது வெள்ளையில. லாஸ்கர்ல ராணி போர்டுலயே இருந்துச்சு, அதான் வித்தியாசம்.

நெல்லைசிப்பாய் எழுதியது:

சரியா சொன்னீங்க தம்பி. ராணி இருக்கணும், கூட பிஷப்பு இருக்கணும், எதிர்ல குதிரை இருக்கணும். தற்காப்பு ஓப்பனிங்குன்னா எல்லாத்தையும் மாத்திட்டு படுத்துக்கிறதுன்னு நினைக்காங்க. எத மாத்தணும் எத வச்சுக்கணும்னு தேர்ந்தெடுக்கதுலதான் இருக்கு விஷயம்.

இன்ஜின்பையன் எழுதியது:

கடைசியா ஒரு டவுட் அண்ணா. 45ல ஆனந்த் யானை ஜி2 செக் கொடுத்து யானை பிஷப் ரெண்டையும் கொடுத்து ராணிய வாங்கினார். அதுக்கப்புறம் ராணிக்கு எதிரா யானையும் குதிரையும். அது ஈஸி வின்னா? ஏன்னா 56 மூவ் வரைக்கும் போச்சே.

பழையகோச் எழுதியது:

ஈஸின்னு சொல்ல மாட்டேன் தம்பி, ஆனா தெளிவான வின். கருப்புக்கு ராணி, ஏ, சி, எச் சிப்பாய்கள். வெள்ளைக்கு யானை, குதிரை, ஏ, பி, ஜி சிப்பாய்கள். யானையும் குதிரையும் ஒண்ணுக்கு ஒண்ணு காவல் நின்னு கோட்டை கட்டினா ராணியால உடைக்கிறது கஷ்டம். அதனால ராஜாவுக்கு ஆபத்து வராம பாத்துக்கிட்டு, குதிரை செக் வைக்கிற கட்டத்துல எல்லாம் நிக்காம, பி2 சிப்பாய எடுத்து சி சிப்பாய ஓட விடணும். அத எவ்வளவு நிதானமா செய்றார் பாரு. 48ல சி4, 49ல ஏ5ல சிப்பாய நிறுத்தி ஏ பக்கத்த பூட்டுறார். குதிரை எச்6 செக்குக்கு ராஜா ஜி7, அப்புறம் ராணி ஈ4ல நடுவுல வந்து எல்லா பக்கமும் பாக்குது, ராஜா எச்7. 54ல ராணி ஈ5. 55ல குதிரை எஃப்7 போய் ராணிய மிரட்டின உடனே ராணி பி2ல செக்கோட எடுக்குது. 56ல ராணி பின்னாடி ஜி7க்கு வந்து எஃப்7 குதிரைய பிடிக்குது. இனி சி சிப்பாய தடுக்க ஆள் இல்ல. டோபலோவ் அங்க கை கொடுத்துட்டார், 6.5 - 5.5.

34லயும் ராணி பின்னாடி போச்சு, 56லயும் ராணி பின்னாடி போச்சு, ரெண்டுமே எதிராளிய முடிச்ச மூவ். இந்த வாரம் வகுப்புல இந்த ரெண்டு பொசிஷனையும்தான் வைக்கப் போறேன், 34 பசங்களுக்கு, 56 பெரியவங்களுக்கு. செஸ்பிள்ளைஅம்மா, உங்க பொண்ணுக்கும் 34வது மூவ முதல்ல மறைச்சு வச்சு கேளுங்க, விடைய சொல்லாதீங்க, அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல.

செஸ்பிள்ளைஅம்மா எழுதியது:

ஞாயித்துக்கிழமை வச்சு பாக்கிறேன் சார். என்ன மூவ் சொன்னாள்னு இங்கயே எழுதுறேன்.